‘மே’யும் ‘ஷல்’லும்: அனுமதிக்கும் சொல், கடன்படுத்தும் சொல்

1963 ஏப்ரலில் ஆட்சிமொழி மசோதா மக்களவையில் விவாதத்துக்கு வந்தபோது, சென்னை மாநிலத்திலிருந்து போயிருந்த திமுக உறுப்பினர்கள் அதன் மூன்றாம் பிரிவில் இருந்த ஒரே ஒரு துணைவினையைப் பிடித்துக்கொண்டார்கள். அரசியலமைப்பு ஆங்கிலத்துக்குத் தந்திருந்த பதினைந்து ஆண்டுக் கெடு முடிந்த பிறகும் இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது அந்தப் பிரிவு. இந்த ‘லாம்’ விகுதிக்கு ஆங்கில மூலத்தில் இருந்த சொல் ‘மே’. அதை எடுத்துவிட்டு ‘ஷல்’ என்று போடுங்கள் என்றார்கள். இந்த இடத்தில் ‘மே’ என்றாலும் ‘ஷல்’ என்றாலும் பொருள் ஒன்றே என்று பிரதமர் நேரு உறுதி கூறினார். பொருள் ஒன்றுதான் என்றால் ‘ஷல்’ என்றே எழுதுவதில் என்ன தடை என்று திமுக திருப்பிக் கேட்டது. சொல்லை யாரும் மாற்றவில்லை. மசோதா அப்படியே நிறைவேறியது.

ஆங்கிலம் படித்தவர்கள் இரண்டு சொற்களைப் பற்றி எத்தனையோ முறை வாதாடியிருக்கிறார்கள். ஆனால் ஒரு துணைவினைக்காக ஒரு மாநிலமே கொந்தளித்தது அரிது. நேரு சொன்னது சரியா, திமுக கேட்டது சரியா? விடை அகராதியில் மட்டும் கிடைக்காது. இவ்விரண்டு சொற்களும் எங்கிருந்து வந்தன, பேச்சில் எப்படிப் புழங்குகின்றன, நீதிமன்றங்கள் அவற்றை எப்படி எடைபோட்டன என்று முழுதாகப் பார்த்தால்தான் அந்த ஏப்ரல் விவாதத்தின் கனம் தெரியும்.

‘ஷல்’ என்பதன் பழைய ஆங்கில வடிவம் ‘ஸ்குலன்’. அதன் முதற்பொருள் கடன்பட்டிருத்தல். ஒருவனுக்கு இத்தனை காசு தரவேண்டியிருக்கிறது என்று சொல்வதற்கே அந்த வினை பயன்பட்டது. பிறகுதான் ‘செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன்’ என்ற பொருளும், அதிலிருந்து ‘செய்வேன்’ என்ற எதிர்காலப் பொருளும் கிளைத்தன. அதே வேரிலிருந்து வந்த ஜெர்மன் சொல் ‘ஷுல்ட்’ இன்றும் கடனையும் குறிக்கிறது, குற்றத்தையும் குறிக்கிறது. தமிழருக்கு இந்தப் பொருள் வளர்ச்சி புதிதாக இருக்காது. வங்கியில் வாங்குவதும் கடன்; காலையில் எழுந்து கழிப்பதும் கடன்; குலதெய்வத்துக்குச் செலுத்துவது நேர்த்திக்கடன்; பெற்றவருக்குச் செய்து முடிப்பது இறுதிக்கடன். சங்கப் பாடல்களில் தாயின் கடன், தந்தையின் கடன் என்று வரும்போது அங்கே பணமே இல்லை, கடமைதான் இருக்கிறது. கடன், கடமை, கடப்பாடு எல்லாம் ஒரே குடும்பம். ‘ஷல்’ அந்தக் குடும்பத்தோடு வைத்துப் புரிந்துகொள்ள வேண்டிய சொல்.

‘மே’ வேறு வழியில் வந்தது. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் ஆற்றல் பெற்றிருத்தல். வலிமை என்று பொருள்படும் ‘மைட்’ என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல்லும், அதிகாரம் என்று பொருள்படும் ‘மாஹ்ட்’ என்ற ஜெர்மன் சொல்லும் அதன் உடன்பிறப்புகள். ‘கேன்’ என்ற சொல் முதலில் ‘அறிந்திருத்தல்’ என்ற பொருளில் இருந்தது. அது மெல்ல நகர்ந்து ஆற்றலைக் குறிக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. இடம் இழந்த ‘மே’ இரண்டு வேலைகளில் போய் அமர்ந்தது: ஒன்று அனுமதி, இன்னொன்று ‘நடந்தாலும் நடக்கலாம்’ என்ற நிகழ்வாய்ப்பு.

இந்த வேறுபாட்டை நான் இப்படிப் பார்க்கிறேன். கடன் என்று ஒன்று இருந்தால், அதைத் திருப்பிக் கேட்க ஒருவர் இருக்கிறார். ‘ஷல்’ வருகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், ஒரு கடன்காரர் நிற்கிறார். ‘கொடு’ என்று வாசலில் வந்து கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ‘மே’ வருகிற வாக்கியத்தில் அப்படி யாரும் இல்லை. அங்கே இருப்பவர் ஆற்றல் உடையவர் ஒருவரே. அவர் செய்தால் நன்றி சொல்லலாம், செய்யாவிட்டால் காத்திருக்கலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கடன்காரரைத்தான் தேடிக்கொண்டு போகப் போகிறோம்.

தமிழில் இவ்விரண்டுக்கும் நிகராக நாம் கையாள்வது ‘வேண்டும்’, ‘லாம்’. ‘செய்யல்’ என்ற தொழிற்பெயரோடு ‘ஆம்’ சேர்ந்து ‘செய்யலாம்’ ஆனது. ஆகக்கூடியது, நிகழத்தக்கது என்பது அதன் அடிப்பொருள். ‘மழை வரலாம்’ என்கிறோம், ‘நீ வீட்டுக்குப் போகலாம்’ என்கிறோம். முதலாவது நிகழ்வாய்ப்பு, இரண்டாவது அனுமதி. ‘மே’ சுமக்கும் அதே இரட்டைச் சுமையை நம் ‘லாம்’ விகுதியும் சுமக்கிறது. தொடர்பே இல்லாத இரு மொழிகள் ஒரே வேலையைப் பிரித்துக்கொடுத்த விதம் வியப்பானது.

‘வேண்டும்’ இன்னும் சுவையானது. வேண்டுதல் என்றால் விரும்புதல், கோருதல். ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்பதில் அந்த விருப்பம் அப்படியே இருக்கிறது. ‘நீ நாளைக்கு வர வேண்டும்’ என்பதில் அது கடமையாகிவிட்டது. ஒருவருடைய விருப்பம் இன்னொருவருடைய கடமையாக மாறும் தருணம் அந்த ஒரே சொல்லுக்குள் உறைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் விருப்பத்தைக் குறித்த ‘வில்’ இப்படிக் கடமையாகவில்லை. எதிர்காலம் காட்டும் சொல்லாகிவிட்டது. அதன் பெயர்ச்சொல் வடிவம் மட்டும் பழைய விருப்பப் பொருளைக் காத்துக்கொண்டு, தமிழுக்குள் ‘உயில்’ என்று வந்து சேர்ந்தது. இறந்தவரின் விருப்பம் அது.

அன்றாடப் பேச்சில் இவ்விரு ஆங்கிலச் சொற்களும் நெருங்கி வருவது கேள்விகளில். ‘மே ஐ கம் இன்’ என்று கேட்டுக்கொண்டு வகுப்பறை வாசலில் நிற்காத தமிழ்நாட்டுப் பிள்ளை இருக்க முடியாது. அதே இடத்தில் ‘ஷல் ஐ கம் இன்’ என்று கேட்டாலும் தவறில்லை, ஆனால் கேட்பது வேறாகிறது. ‘மே’ போட்டால் கதவின் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, திறந்துவிடுங்கள் என்று அனுமதி கேட்கிறோம். ‘ஷல்’ போட்டால் நான் வருவது உங்களுக்கு விருப்பமா, வரச் சொல்கிறீர்களா என்று கேட்கிறோம். தமிழ் இதை விகுதியிலேயே பிரித்து வைத்திருக்கிறது: முன்னது ‘வரலாமா?’, பின்னது ‘வரட்டுமா?’ ஜன்னலை ‘மூடட்டுமா?’ என்று கேட்பவர் உதவ முன்வருகிறார், ‘மூடலாமா?’ என்பவர் இசைவு கேட்கிறார். பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும்போது இந்த இரண்டு தமிழ்ச் சொற்களை மட்டும் பக்கத்தில் எழுதிக் காட்டினால் அரைமணி நேர இலக்கண விளக்கம் மிச்சமாகும். ‘நாம் போகலாமா?’ என்று பலரையும் சேர்த்துக் கேட்கும்போது மட்டும் ஆங்கிலம் ‘ஷல்’ போடும் இடத்தில் தமிழ் ‘லாமா’ போடுகிறது.

கேள்விக்கு வெளியே, இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் ‘ஷல்’ தேய்ந்துகொண்டே வருகிறது. தன்மையில் ‘ஷல்’, முன்னிலையிலும் படர்க்கையிலும் ‘வில்’ என்ற விதியை 1653இல் ஜான் வாலிஸ் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணம் வகுத்துச் சொன்னது. முடிவிலிக்கு இன்று நாம் போடும் குறியைக் கணிதத்துக்குத் தந்த அதே ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர்தான் அவர். அயல்நாட்டார் ஆங்கிலம் கற்க எழுதிய நூல் அது. பின்னர் அந்த விதி பள்ளிகளில் வேதவாக்கானது. 1935இல் வந்த ரென் - மார்ட்டின் இலக்கணம் வழியாக நம் பாட்டனார் காலத்துப் பிள்ளைகளும் அதை மனப்பாடம் செய்தார்கள். ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் அமெரிக்காவும் அந்த விதியைப் பேச்சில் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1961இலும் 1991இலும் வெளிவந்த பிரிட்டிஷ் எழுத்துகளிலிருந்து பத்துப் பத்து லட்சம் சொற்களைத் திரட்டி ஒப்பிட்ட மொழியியலாளர்கள், அந்த முப்பது ஆண்டில் ‘ஷல்’ நாற்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருப்பதைக் கண்டார்கள். வீட்டையும் தெருவையும் விட்டுக் கிளம்பிய ‘ஷல்’ போய்ச் சேர்ந்த இடம் சட்டப் புத்தகம். அங்கே அது முதுமை அடையவில்லை.

எதிர்மறையில் நடப்பதைச் சொல்லாமல் சட்டத்துக்குள் போக முடியாது. உடன்பாட்டில் ‘மே’யும் ‘ஷல்’லும் எதிரெதிர்க் கரைகள். பக்கத்தில் ‘நாட்’ சேர்ந்ததும் இரண்டும் ஒரே கரைக்கு வந்துவிடுகின்றன. ‘மே நாட்’ என்றால் அனுமதி இல்லை. ‘ஷல் நாட்’ என்றால் செய்யாதிருக்கக் கடமை. இரண்டுக்கும் தமிழ் ‘செய்யக்கூடாது’. ஆனால் ‘மே நாட்’ தொடருக்கு இன்னொரு பொருளும் உண்டு: ‘செய்யாமலும் இருக்கலாம்’. தமிழில் இந்தக் குழப்பம் வராது. ‘வரக்கூடாது’ என்பதையும் ‘வராமல் இருக்கலாம்’ என்பதையும் எந்தக் குழந்தையும் மாற்றிப் புரிந்துகொள்ளாது. ‘மே’ என்று எழுதிய இடத்தில் ‘செய்யாமலும் இருக்கலாம்’ என்ற நிழல் எப்போதும் கூடவே நிற்கிறது என்பதைத்தான் 1963இல் திமுக உறுப்பினர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஆங்கிலத்தைப் பயன்படுத்தலாம் என்றால் பயன்படுத்தாமலும் விடலாம். அவர்கள் இலக்கணத்தில் பிழை இல்லை.

நேருவின் பக்கமும் வெறுங்கையோடு நிற்கவில்லை. ‘மே’ என்ற சொல்லை ‘ஷல்’ என்று படிக்கும் வழக்கம் ஆங்கிலச் சட்டத்தில் மிகப் பழையது. 1693இல் பார்லோ என்பவர் தொடர்பான வழக்கு அதற்கு முன்மாதிரி. ஊர்க் காவலர்கள் தங்கள் கைக்காசிலிருந்து செய்த செலவை ஈடுகட்ட, திருச்சபைப் பொறுப்பாளர்களும் ஏழைகள் நல அலுவலர்களும் ஊரில் வரி விதிக்கலாம் என்றது ஒரு சட்டம். அவர்கள் வரி விதிக்க மறுத்தார்கள். விதிக்கலாம் என்றுதானே இருக்கிறது என்பது அவர்களுடைய வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. நீதிக்காகவோ பொதுநன்மைக்காகவோ ஒன்றைச் செய்யச் சட்டம் வழிசெய்தால், அங்கே ‘மே’ என்பது ‘ஷல்’ என்றே கொள்ளப்படும் என்றது. கைக்காசைச் செலவழித்துவிட்டு நிற்கும் காவலர்களைப் பாருங்கள்: நாம் தேடும் கடன்காரர்கள் இங்கே உண்மையாகவே கடன்காரர்கள்.

1880இல் பிரபுக்கள் சபை விசாரித்த ஜூலியஸ் வழக்கு மறுபக்கத்தைக் காட்டியது. ஒரு குருவானவர் வழிபாட்டு முறையை மீறுகிறார், விசாரணைக் குழு அமையுங்கள் என்று திருச்சபையைச் சேர்ந்த ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டு ஆயரிடம் முறையிட்டார். அதற்கான சட்டத்தில், குழு அமைப்பது ஆயருக்குச் ‘சட்டப்படி கூடுவதாகும்’ என்ற பொருளில் ஒரு தொடர் இருந்தது. வேடிக்கையாக, அந்த ஆங்கிலத் தொடருக்குள் இருந்த துணைவினை ‘ஷல்’. ஆனாலும் தொடர் முழுவதும் தந்தது அதிகாரம் மட்டுமே. ஆயருக்கு விருப்புரிமை உண்டு, அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சபை தீர்ப்பளித்தது. கூடவே லார்டு சான்சலராக இருந்த கெய்ர்ன்ஸ் பிரபு தெளிவான அளவுகோல் ஒன்றையும் கொடுத்தார். அனுமதிக்கும் சொல் தன்னளவில் அனுமதி மட்டுமே தரும். எதற்காக அந்த அதிகாரம், யாருடைய நன்மைக்காக அது தரப்பட்டது என்ற சூழ்நிலைகளிலிருந்து அதைச் செய்தே தீரும் கடமை பிறக்கலாம். சொல்லுக்குள் கடன் இல்லாவிட்டாலும், சொல்லுக்கு வெளியே கடன்காரர் இருந்தால் கடன் உண்டு என்பதே இதன் சாரம் என்று நான் படிக்கிறேன்.

விடுதலைக்குப் பிறகு இந்திய உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது. 1957இல் மன்போதன் லால் வழக்கு. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையம் கலந்தாலோசிக்கப்படும் என்று அரசியலமைப்பின் 320ஆம் பிரிவு ‘ஷல்’ போட்டே சொல்கிறது. உரிய முறையில் கலந்தாலோசிக்காமல் தண்டனை தந்துவிட்டார்கள். தண்டனை செல்லுமா? செல்லும் என்றது நீதிமன்றம். அந்த ‘ஷல்’ கட்டாயமல்ல, வழிகாட்டுவது மட்டுமே. கலந்தாலோசிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அரசியலமைப்பு சொல்லவில்லை, அந்தப் பிரிவு ஊழியருக்கு உரிமை எதையும் தரவில்லை என்பவை காரணங்களில் சில. கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். கடன்காரர் இல்லை என்று முடிவானதும் ‘ஷல்’ வலுவிழந்தது.

ஆட்சிமொழி மசோதா விவாதிக்கப்பட்ட அதே 1963இல் ஜோகேந்திர சிங் வழக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தில் பதிவுபெற்ற அலுவலர் ஒருவர் தன்மீதான விசாரணையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும்படி தாமே கேட்டால், ஆளுநர் அதை அனுப்பலாம் என்றது விதி. ஆளுநருக்கு மறுக்கும் உரிமை உண்டா? இல்லை என்றது உச்ச நீதிமன்றம். பொதுவாக வழக்குகளைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் விருப்புரிமை முந்தைய துணைவிதியிலேயே ஆளுநருக்கு இருக்கிறது. ஊழியரின் வேண்டுகோளைக் குறிப்பிட்டுத் தனியாக ஒரு துணைவிதி எழுதியிருப்பதற்கு வேறு பொருள் இருக்க முடியாது. எனவே இங்கே ‘மே’ என்றால் ‘ஷல்’. கேட்கும் உரிமை உடையவர் ஒருவர் விதியிலேயே குறிக்கப்பட்டிருந்ததால் சொல்லின் நிறம் மாறியது.

ஆக, ‘மே’ என்பது ‘ஷல்’ ஆகலாம் என்று நேரு சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அப்படி ஆவதற்கு ஒரு வழக்கு வேண்டும், ஒரு வக்கீல் வேண்டும், நீதிபதி ஒருவர் சூழ்நிலைகளை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். ‘ஷல்’ என்று எழுதியிருந்தால் சுமை மறுபக்கம் போகும்: செய்யாமல் விட்டவர் ஏன் செய்யவில்லை என்று விளக்க வேண்டும். ‘ஷல்’ சில சமயம் தோற்றிருக்கிறது என்பது உண்மை. அதைக் காட்டி, இரண்டு சொல்லும் ஒன்றே என்று முடிவு கட்டுவது சரியாகாது. பூட்டு சில சமயம் உடைக்கப்படுகிறது என்பதால் பூட்டிய கதவும் சாத்திய கதவும் ஒன்றாகிவிடுமா?

அரசியலமைப்பை எழுதியவர்கள் இந்த எடை வேறுபாட்டை நன்றாக அறிந்திருந்தார்கள். வலுவான ‘ஷல்’லை எப்படி மென்மையாக்குவது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பழைய 45ஆம் பிரிவு, பதினான்கு வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர, பத்து ஆண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என்றது. ‘ஷல்’ இருக்கிறது. ஆனால் அதை அடுத்து வரும் வினை ‘கொடு’ அல்ல, ‘முயல்’. முயன்றேன் என்று சொல்லிவிட்டால் கடன் தீர்ந்தது. பத்து ஆண்டு கடந்து, ஐம்பது ஆண்டும் கடந்தது. 2002இல் 86ஆவது திருத்தம் 21ஏ பிரிவைச் சேர்த்து, அரசு கல்வி தர வேண்டும் என்று முயற்சி என்ற சொல் இல்லாமல் எழுதியது. ஆனால் அதே வாக்கியத்தின் வாலில், அரசு சட்டத்தின் மூலம் நிர்ணயிக்கும் முறையில் என்ற பொருளில் ஒரு ‘மே’ ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டம் 2009இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தமும் சட்டமும் சேர்ந்து நடைமுறைக்கு வந்தன. ஒரு வாக்கியத்தின் முன்பாதியில் இருந்த கடமை, பின்பாதியில் இருந்த விருப்புரிமைக்காக ஏழு ஆண்டுக்கு மேல் காத்திருந்தது. அந்த ஆண்டுகளில் ஆறு வயதில் பள்ளிக்குப் போகாமல் நின்ற பிள்ளைகளை நினைத்தால், துணைவினைகள் இலக்கணத்தோடு முடிந்துபோகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

ஆளுநரைப் பற்றிய 200ஆம் பிரிவு இவ்விரு சொற்களும் கைகோத்து நடக்கும் இன்னொரு இடம். மசோதா தம்மிடம் வந்ததும் ஆளுநர் ஒப்புதல் தருகிறாரா, நிறுத்திவைக்கிறாரா, குடியரசுத் தலைவருக்கு அனுப்புகிறாரா என்று அறிவிக்க வேண்டும்: ‘ஷல்’. மறுபரிசீலனைக்கு அவர் திருப்பி அனுப்பலாம்: ‘மே’. பேரவை அதை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் அவர் ஒப்புதலை மறுக்கக்கூடாது: ‘ஷல் நாட்’. எல்லாம் இருக்கிறது, எத்தனை நாளுக்குள் என்பது மட்டும் இல்லை. ‘கூடிய விரைவில்’ என்ற தொடர் ‘மே’ வரும் இடத்தில்தான் இருக்கிறது. தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு காலவரம்பு வகுத்து, பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குத் தந்த கருத்துரையில், அப்படிக் காலவரம்பு விதிக்கவோ ஒப்புதலைக் கருதிக்கொள்ளவோ நீதிமன்றத்தால் முடியாது என்றது. கடன் உண்டு, திருப்பித் தரும் தேதி எழுதப்படவில்லை என்றால் என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

உலகின் வேறு சில இடங்களில் ‘ஷல்’ என்ற சொல்லையே சட்டங்களிலிருந்து வெளியேற்றுகிறார்கள். எதிர்காலம், கடமை, உரிமை, நிபந்தனை என்று பல பொருளில் அதை அள்ளித் தெளித்துவிட்டதால் அதன் கூர்மை போய்விட்டது என்பது அவர்கள் குறை. தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டு இடைக்கால அரசியலமைப்பு ‘ஷல்’ என்று பேசியது. 1996இல் வந்த நிரந்தர அரசியலமைப்பு ‘மஸ்ட்’ என்ற சொல்லுக்கு மாறியது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளை 2007இல் எளிய நடையில் திருத்தி எழுதியபோதும் ‘ஷல்’ விடைபெற்றது. இணையத்தின் நெறிமுறைகளை எழுதும் பொறியாளர்கள் 1997இல் வேறு வழி கண்டார்கள்: ‘மஸ்ட்’, ‘ஷல்’ இரண்டும் ஒன்று, ‘மே’ என்றால் முழுக்க விருப்பம் என்று முதலிலேயே வரையறுத்துவிட்டார்கள். சொல்லின் பொருளைப் பயன்படுத்துமுன் எழுதிவைப்பது நல்ல வழக்கம். ஆனால் கணினிகள் வழக்குப் போடுவதில்லை. மனிதர்கள் எழுதும் ‘மஸ்ட்’ சொல்லும் ஒருநாள் நீதிமன்றத்துக்குப் போகும்; அங்கே கடன்காரர் யார் என்ற கேள்வி அதற்கும் காத்திருக்கும்.

இதற்கு இணையான சிக்கல் தமிழ்ச் சட்டமொழியிலும் உண்டு. நம் ‘வேண்டும்’ தலையங்கத்திலும் வருகிறது, திருமண அழைப்பிதழிலும் வருகிறது. அரசு கவனிக்க வேண்டும் என்று நாளிதழ் எழுதுவது வேண்டுகோள். அதனால்தான் சட்டங்களைத் தமிழில் பெயர்ப்பவர்கள் ‘செய்ய வேண்டும்’ என்று எழுதாமல் ‘செய்தல் வேண்டும்’ என்று எழுதுகிறார்கள். செயற்கையாக இருக்கிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அந்த நடை பிடித்தமானது. பேச்சில் புழங்காத அந்த வடிவத்தைக் கண்டதும், இது வேண்டுகோள் அல்ல, கடப்பாடு என்று வாசகருக்கு உறைக்கிறது.

இனி 1963க்குத் திரும்பலாம். அந்த மசோதாவின் ‘மே’ எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் திமுகவின் அச்சம் இன்னும் நன்றாக விளங்கும். அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு முதல் உட்பிரிவில் ஒன்றியத்தின் ஆட்சிமொழி தேவநாகரி எழுத்திலான இந்தி என்கிறது; அதில் இருப்பது ‘ஷல்’. இரண்டாம் உட்பிரிவு, பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படும் என்கிறது, அதிலும் ‘ஷல்’. மூன்றாம் உட்பிரிவு, அதன் பிறகு ஆங்கிலத்தின் பயன்பாட்டுக்கு நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்கிறது. இங்கேதான் ‘மே’ நுழைகிறது. அதாவது 1950 முதல் 1965 வரை ஆங்கிலம் கடனாக இருந்தது. 1965க்குப் பிறகு சலுகையாக மாற இருந்தது. இந்திக்கு ‘ஷல்’ மாறவில்லை. ஒரு மொழிக்குக் கடமையின் சொல், மற்றொரு மொழிக்கு அனுமதியின் சொல் என்று அடுத்தடுத்து எழுதிவிட்டு, இரண்டும் ஒன்றே என்றால் யார் ஏற்பார்கள்? அரசியலமைப்பே ஆங்கிலத்துக்கு முன்பு ‘ஷல்’ போட்டிருக்கிறது என்பதால், புதிய சட்டத்தில் அது ‘மே’ ஆவது வேண்டுமென்றே செய்த மாற்றமாகத்தான் எந்த நீதிபதிக்கும் தோன்றியிருக்கும். நேருவின் வாதத்தில் எனக்குத் தெரியும் பெரிய ஓட்டை இது.

நேருவின் நல்லெண்ணத்தை நான் ஐயப்படவில்லை. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும், அதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் அவர்களே என்று 1959 ஆகஸ்டில் மக்களவையில் அவர் வாக்களித்திருந்தார். உள்துறை அமைச்சராக மசோதாவை நடத்திச்சென்ற லால் பகதூர் சாஸ்திரியும் அதை மறுக்கவில்லை. மாநிலங்களவையில் எதிர்த்துப் பேசிய அண்ணாதுரை, ஆங்கிலம் நீடித்தால் நன்மையும் இடர்ப்பாடும் எல்லா மொழியினருக்கும் சமமாகப் பங்கிடப்படும் என்று வாதாடினார். வாக்குறுதி ஒரு மனிதரிடம் இருக்கிறது, சட்டம் தாளில் இருக்கிறது. சட்டம் 1963 மே 10 அன்று சட்ட ஏட்டில் ஏறியது. 1964 மே 27 அன்று நேரு மறைந்தார்.

அதற்குள் சொல் வீதிக்கு வந்துவிட்டது. 1963 நவம்பரில், ஆட்சிமொழி பற்றிய அரசியலமைப்பின் 17ஆம் பகுதியை எரிக்கும் போராட்டத்தில் அண்ணா கைதாகி ஆறு மாதத் தண்டனை பெற்றார். 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் கீழப்பழுவூர் சின்னச்சாமி தீக்குளித்து இறந்தார். பதினைந்து ஆண்டுக் கெடு முடியும் 1965 ஜனவரி 26 நெருங்கியபோது மதுரையில் தொடங்கிய மாணவர் போராட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. துப்பாக்கிச் சூடுகளில் பலர் மாண்டனர். பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தார்கள். அதன் பிறகே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் வாக்குறுதி காக்கப்படும் என்றார். சட்டத்தில் இல்லாத ஒன்றை மீண்டும் குரலால் உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

1967 தேர்தலில் திமுக ஆட்சிக்கு வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் இந்திரா காந்தி அரசு ஆட்சிமொழித் திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியைத் தன் ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றிய அரசு கொள்ளும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என்று மூன்றாம் பிரிவில் நிபந்தனை சேர்ந்தது. அதில் ‘ஷல்’ இருந்தது. தீர்மானங்கள், விதிகள், அறிவிக்கைகள், ஒப்பந்தங்கள் முதலியவை இரு மொழியிலும் இருக்க வேண்டும் என்ற உட்பிரிவும் ‘ஷல்’ பெற்றது. ஐந்தாம் உட்பிரிவு எல்லாவற்றையும் விட முக்கியமானது. இந்தியை ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஆங்கிலம் வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேற்றி, அதன் பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றும்வரை இந்த ஏற்பாடுகள் நடப்பில் இருக்கும். நேரு வாயால் சொன்ன வாக்குறுதியில் யார் கடன்காரரோ, அவர்களை அந்த உட்பிரிவு சட்டத்துக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தது. 1976இல் ஆட்சிமொழி விதிகள் வந்தபோது, இவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்று முதல் விதியிலேயே எழுதப்பட்டது.

எழுதிவைத்ததன் பயன் அரை நூற்றாண்டு கழித்தும் தெரிந்தது. ஒன்றிய அரசுக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு இந்தியில் பதில் வந்தது என்று மதுரை மக்களவை உறுப்பினர் சு. வெங்கடேசன் வழக்குத் தொடுத்தார். ஆங்கிலத்தில் வந்த கோரிக்கைக்கு ஆங்கிலத்திலேயே பதில் தர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. கேட்க ஒருவர் இருந்தார், கேட்பதற்கு ஒரு சொல்லும் தாளில் இருந்தது.

இன்றைக்கு ஆட்சிமொழிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவை எடுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்று கண்ணில் படும். 1963இல் அத்தனை பேர் மாற்றச் சொன்ன அந்த ‘மே’, முதல் உட்பிரிவில், இந்தியோடு ஆங்கிலமும் தொடரலாம் என்று, எழுதிய இடத்திலேயே இருக்கிறது. யாரும் அதை அழிக்கவில்லை. 1967 திருத்தத்தோடு வந்த ‘ஷல்’கள் அதைச் சுற்றி நிற்கின்றன.